மடிப்பா வெட்டா

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து ஆல்டரேஷன் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் பறக்கும். அதனால் அந்த வீட்டு விஷயமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டி எங்கள் இரண்டு கடைகளும் இருந்தன. ஆல்டரேஷன் கடையில் புதுத் துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்கு லூஸ் பண்ணுவார்கள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பார்கள், அண்ணன் கால்சட்டையைத் தம்பிக்கு ஆக்குவார்கள். வெட்டுவது மாஸ்டர், தைப்பது அக்கா. அக்கா என்றால் மாஸ்டரின் மனைவி. தெருவுக்கே அவள் அக்காதான். மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாக அவர்கள் வீடு. மேலே பால் பொங்கினால் கீழே மிஷின் நிற்கும், மாடிப்படியில் தடதடவென்று அக்கா ஓடுவாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் அவர்களுக்குள் ஒரே சண்டைதான். யாராவது நீளமான பேண்டைக் கொண்டுவந்து வைத்தால் போதும்.

"ரெண்டு இஞ்சை வெட்டித் தள்ளு. அப்பத்தான் நேரா விழும்" என்பார் மாஸ்டர்.

"எதுக்கு வெட்டணும்? உள்ள மடிச்சுத் தச்சு விடுறேன். பையன் வளர்ற வயசு. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டா ஆச்சு."

"மடிப்பு தடிச்சுக்கிட்டு நிக்கும். நடக்கிறப்ப காலைத் தட்டும்."

"வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் நீங்க ஒட்டிக் கொடுப்பீங்களா?"

பேண்டுக்குச் சொந்தக்காரன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். கடைசியில் அவன் இஷ்டப்படிதான் நடக்கும். ஆனால் சண்டை மட்டும் முழுசாக நடந்து முடிய வேண்டும்.

மாஸ்டருக்கு ஒரு குறை உண்டு. களைத்துப்போனால் அவருடைய இடது கண் வெளிப்பக்கமாக விலகிப் போய்விடும். வலது கண் உங்களைப் பார்க்கும், இடது கண் ஆறாம் நம்பர் பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கும். "அளவு எடுக்கணும், கையைத் தூக்குங்க" என்று அவர் சொன்னால், பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து கையைத் தூக்குவார். வெயிலில் வந்தாலோ அந்தக் கண் தானாக மூடிக்கொள்ளும். எதிர்ச் சாரியில் இருக்கும் பாங்க் அம்மா, மாஸ்டர் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று ஒருமுறை அக்காவிடம் புகாரே செய்தார். "எனக்கே அடிச்சதில்லீங்க, உங்களுக்கா அடிக்கப்போறார்" என்று அக்கா சொல்லி அனுப்பினாள்.

சின்ன வயதிலிருந்தே இருப்பதுதான், பழகிப்போனதுதான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் அது கத்திரிக்கு வந்துவிட்டது.

கோடை உச்சத்தில் ஒரு நாள். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசியது. ஆறாம் நம்பர் பஸ் டிரைவர் மகன் கல்யாணத்துக்கென்று வாங்கிய கோட்டு முதுகில் இரண்டு இஞ்ச் தொளதொளவென்று இருந்தது. முதுகின் நடுத்தையலைப் பிடித்து, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். மாஸ்டர் சாக்பீஸால் கோடு போட்டார். பெரிய கத்திரியை எடுத்தார். இரும்புக் கத்திரி, பிடியில் துணி சுற்றியது, அவரைத் தவிர யாரும் தொடாதது. கரக் கரக் என்று சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு கோடு தெரிஞ்சுது" என்றார் மாஸ்டர். "ஒண்ணுதான் போட்டேன். ரெண்டு தெரிஞ்சுது. தப்பான கோட்டுல வெட்டிட்டேன்."

கோட்டின் முதுகில், தையலுக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது துணி.

அக்கா திட்டவில்லை. கோட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினாள். தொளதொளப்பு இரண்டு இஞ்ச் இருந்ததல்லவா? அந்த இரண்டு இஞ்சையும் முதுகின் நடுவில் ஒரு பெரிய மடிப்பாகக் கொண்டுவந்து, வெட்டுப்பட்ட இடத்தை அதற்குள் ஒளித்துத் தைத்துவிட்டாள். மறுநாள் டிரைவர் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றார்.

"அக்கா, முதுகுல இந்த மடிப்பு புது மாடலா? பிரமாதமா இருக்கு!"

"ஆமா, இப்ப அதுதான் ஓடுது" என்றாள் அக்கா. மாஸ்டர் மாடிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா பெரிய கத்திரியை மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியை நூலில் கோத்து இஞ்ச் டேப்போடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு சரியாகட்டும். எடுத்துத் தர்றேன்."

அன்றிலிருந்து தையல் பிரிப்பதும் இஸ்திரி போடுவதுமே அவர் வேலையாயிற்று. சண்டை நின்றுபோனது. பேண்டு வந்தால், "உன் இஷ்டப்படி செய்" என்பார். பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே பொழுது போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் கூட வா. ஃபாரம் கீரம் இருந்தா படிச்சுச் சொல்ல ஆள் வேணும்."

கண் டாக்டரம்மா மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. மாஸ்டரின் ஒரு கண்ணை மறைத்து, மறுகண்ணை மறைத்து, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு ரப்பர் கண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கினார்.

"கண்ணை வெளிப்பக்கம் இழுக்க ஒரு தசை, உள்பக்கம் இழுக்க ஒரு தசை. உங்களுக்கு வெளிப்பக்கத்து இழுப்பு ஓங்கி நிக்குது. அதனால வெளித்தசையை இருக்கிற இடத்துலேர்ந்து வெட்டி எடுத்து, கொஞ்சம் பின்னால தள்ளித் தைப்போம். அது எல்லாருக்கும் உண்டு. அப்புறம் உள்தசையை டைட் பண்ணணும்."

"அந்தப் பக்கம் லூஸ் பண்ணி, இந்தப் பக்கம் பிடிக்கிறது" என்றாள் அக்கா.

டாக்டரம்மா ரப்பர் கண்ணைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரிஞ்சதில்லைம்மா."

"பிடிக்கிறதை எப்படிப் பிடிப்பீங்க?"

"அங்கதான் விஷயம் இருக்கு. ரெண்டு வழி. ஒண்ணு, உள்தசையில ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை இழுத்துப் பழைய இடத்துல தைக்கிறது. இன்னொண்ணு, வெட்டவே வேண்டாம், அப்படியே மடிச்சுத் தைக்கிறது."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் ஒரு கண்ணால் டாக்டரம்மாவையும் ஒரு கண்ணால் வாசலையும் பார்த்தார்.

"மடிச்சுத் தையுங்க" என்றார் மாஸ்டர்.

"என்னது?" என்றாள் அக்கா.

"மடிச்சுத் தைக்கச் சொல்லு. வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் ஒட்டுமா?"

இருபத்திரண்டு வருஷமாக அக்கா சொல்லி வந்த வார்த்தை, அப்படியே அவர் வாயில் வந்தது. அக்கா பதிலுக்கு விட்டாளா? "டாக்டரம்மா, நீங்க வெட்டியே தையுங்க. மடிப்பு நிக்காது. நாள் பூரா அசையுற இடம். முட்டிக்கிட்ட மடிச்சுத் தச்சு நான் பார்த்ததில்லையா, ஒரே மாசத்துல விட்டுரும். வெட்டினாத்தான் நேரா நிக்கும்."

"அது துணிடீ. இது என் கண்ணு."

"அதனாலதான் சொல்றேன்!"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். இரண்டுமே நன்றாகத்தான் வேலை செய்கின்றன. எது நாள்பட நிற்கிறது, எதில் தசை பழையபடி படிந்துபோகிறது என்று ஒளியை விட்டு எடுக்கும் படத்தில் பார்த்து ஒப்பிடுகிறோம். சேர விருப்பமிருந்தால் சேரலாம், சேராவிட்டாலும் ஆபரேஷன் உண்டு. சேர்ந்தால் யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வோம். படம் எடுக்கும் பெண்ணுக்கும் தெரியாது.

ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வெளித்தசையை வெட்டி எடுத்துத் தைப்பது எல்லோருக்கும் பொது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு தடவையும் மாஸ்டர் அந்த வரியைத் தாண்டி, "மடிப்புன்னு எங்க போட்டிருக்கு, அதைப் படி" என்றார். மூன்று நாள் சண்டை நடந்தது. பிரெட்டும் அவித்த முட்டையுமாக அக்கா சமையலைச் சுருக்கிக்கொண்டாள், சண்டைக்கு நேரம் வேண்டுமே. நாலாம் நாள் காலையில் அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"நீங்களும் விடமாட்டீங்க, நானும் விடமாட்டேன். கம்ப்யூட்டரே சொல்லட்டும். கையெழுத்தைப் போடுங்க."

மாஸ்டர் போட்டார். அப்போதுதான் கவனித்தேன், பேனாவை வைத்ததும் பூட்டியிருந்த இழுப்பறையைத் திரும்பிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான துணிகளை வெட்டியவர். கத்திரி என்ன செய்யும் என்று அவருக்குத்தானே தெரியும்.

மழைக்காலம் ஆரம்பித்த வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மணி நேரம்தான். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கைக்குட்டையின் ஓரத்தை விரலால் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் வெளியே வந்தபோது கண் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது. கண்ணுக்குள் நூல் உறுத்துகிறது என்றார். "எத்தனாம் நம்பர் நூல்னு கேட்டீங்களா?" என்றாள் அக்கா. அழுகையையும் சிரிப்பையும் சேர்த்து அடக்கிக்கொண்டு கேட்ட கேள்வி அது.

முதல் ஒரு வாரம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பயப்படாதீர்கள், கண் கொஞ்சம் அதிகமாக உள்ளே வந்துதான் பிறகு நேராகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாடியிலிருந்து பேச்சு கேட்டது.

"ஏய், ரெண்டு பேரா நிக்கிறே."

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றோம். ஆடாம மருந்தைப் போட விடுங்க."

"ஒருத்தியையே சமாளிக்க முடியலே."

"வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திறங்க."

எட்டாம் நாள் காலை மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. மாடி ஜன்னலிலிருந்து மாஸ்டர் கத்தினார். "ஆறு! ஒரே ஒரு ஆறு!" ஆறாம் நம்பர் பஸ் நெற்றியில் ஒற்றை எண்ணோடு திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் என்ன ஏது என்று தெரியாமல், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்துக் கையாட்டினார். நானும் ஏனோ கையாட்டினேன்.

கண் நேராகத்தான் நின்றது. ஆனால் டாக்டரம்மா, "சில பேருக்குப் போகப்போகத் திரும்ப வெளிய போயிடும். ஆறு மாசம் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்" என்று சொல்லியிருந்தார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்குச் சாவி கழுத்தைவிட்டு இறங்காது.

முதல் வாரமே ஒரு படம் எடுத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் அடுத்த படம் எடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஓரமாக எரியும் ஒரு சின்ன வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மிஷின் கண்ணைத் தொடுவதுகூட இல்லை. திரையில் சாம்பல் நிறத்தில், அடுக்கி வைத்த கம்பளிகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல, கோடு கோடாக வந்தது. படம் எடுக்கும் பெண் மாஸ்டரின் ஆர்வத்தைப் பார்த்து, "இதுதான் சார் தசை, இங்க வந்து ஒட்டுது" என்று காட்டினாள். மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பிரதி வாங்கிவிட்டார். ஒரே தாளில் மேலே ஒரு படம், கீழே ஒரு படம்.

கடைக்கு வந்ததும் தாள் என்னிடம் வந்தது. "ஜெராக்ஸ், இதைப் பெரிசு பண்ணு. எவ்வளவு பெரிசு ஆகுமோ அவ்வளவு" என்றார் மாஸ்டர்.

மேலே இருப்பது ஆபரேஷனுக்கு முன், கீழே இருப்பது ஆபரேஷனுக்குப் பின் என்று எனக்குப் பட்டது. மருந்து விளம்பரமெல்லாம் அப்படித்தானே போடுகிறார்கள்? கீழ்ப் படத்தில் ஒரு மேடு அழகாகத் தெரிந்தது. அதை மட்டும் என் மிஷின் தாங்குகிற பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன். ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்பட்டன. வேலை சுத்தமாக இருந்ததாக எனக்குத் திருப்தி.

வெட்டு மேஜையில் படத்தை விரித்து, நாலு மூலையிலும் நூல் உருளைகளை வைத்தார்கள். இஞ்ச் டேப் வந்தது. சாக்பீஸ் வந்தது.

"இந்த மேட்டைப் பாரு" என்றார் மாஸ்டர். "துணி ரெட்டையா இருந்தாத்தான் இந்தத் தடிப்பு வரும். மடிப்பேதான்."

"மடிப்புன்னா ஓரத்துல வளைவு தெரியணும். வளைவு எங்க? இது தையல் போட்ட இடம் திரண்டிருக்கு. வெட்டித்தான் தச்சிருக்காங்க."

"கண்ணை நல்லாத் துடைச்சுட்டுப் பாரு."

"என் கண்ணு எப்பவும் நல்லாத்தான் இருக்கு!"

சண்டை திரும்பி வந்துவிட்டது. பிளைவுட் அதிர்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தைத் தடுப்பில் ஒட்டி, அதன் கீழே மடிப்பு என்று ஒரு பக்கம், வெட்டு என்று ஒரு பக்கம் எழுதி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாக்கு வாங்கினார்கள். பொத்தான் தைக்க வந்தவர்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தசையை ஆராய்ந்தார்கள். பாங்க் அம்மா வெட்டுக்குப் போட்டார். ஆறாம் நம்பர் டிரைவருக்கு நின்று வாக்குப் போட நேரமில்லை. தினமும் திருப்பத்தில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். ஒன்று அடித்தால் மடிப்பு. அவருக்கு மடிப்பின் மேல் தனிப் பிரியம், முதுகிலேயே போட்டுக்கொண்டு கல்யாணத்தில் பேர் வாங்கியவரல்லவா? அந்த ஹாரன் கேட்கும்போது மட்டும் மாஸ்டர் தலைகுனிந்துகொள்வார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அக்கா தினமும் இன்னொரு காரியமும் செய்தாள். பொழுது சாய்ந்து விளக்குப் போடுகிற நேரத்தில், களைப்பு ஏறுகிற நேரம் பார்த்து, மேஜைக்கு இடது மூலையில் போய் நிற்பாள். மாஸ்டரின் கண் வெளியே நழுவுகிறதா என்று அங்கிருந்து பார்ப்பாள்.

"என்ன பார்க்குறே?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி தையலைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்து, நகலெடுக்க ஒன்றும் இல்லாமல் சும்மா நின்றாள்.

"தம்பி, நேத்து லேசா வெளிய போன மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்க்கா."

"தோணினதா இருந்தா நல்லதுதான். உள்ள வெட்டியிருந்தா எனக்குப் பயமில்ல. மடிப்பா இருந்து விட்டுப்போச்சுன்னா?" அவள் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் பூட்டி வச்சேன். நானே திறந்து கொடுத்துடலாம்னு நூறு தடவை கை போயிருச்சு. ராஜா மாதிரி நின்னு வெட்டுவாரு, பார்த்திருக்கியே. இப்ப ஊசியால நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியலப்பா. ஆனா கண்ணு திரும்பப் போயி, இன்னொரு துணி போச்சுன்னா அவரு தாங்கமாட்டாரு."

டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஆறு மாதம் முடிந்த அன்று சுள்ளென்று வெயில். மூன்று பேரும் போனோம். அக்கா தடுப்பிலிருந்த படத்தைக் கிழியாமல் எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். சாட்சி வேண்டுமாம்.

டாக்டரம்மா கண்ணை மறைத்துப் பார்த்தார். தூரத்தில் பார்க்கச் சொன்னார், கிட்டத்தில் பார்க்கச் சொன்னார், வேண்டுமென்றே அரை மணி நேரம் பொடி எழுத்துப் படிக்கவைத்துக் களைப்பாக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நகரவே இல்லை" என்றார் டாக்டரம்மா. "கச்சிதமா நேரா நிக்குது. இனிமே என்ன வேலை வேணும்னாலும் செய்யுங்க."

"வெட்டலாமா?" என்றார் மாஸ்டர்.

"தாராளமா வெட்டலாம்."

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது பழைய அக்காவாகியிருந்தாள். "சரி, இப்ப சொல்லுங்க. வெட்டா, மடிப்பா? நாங்க படத்தை வச்சு அஞ்சு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்." மேஜையில் படத்தை விரித்தாள். சாக்பீஸ் கோடுகளும் அளவுகளுமாக இருந்தது அது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். படம் எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அவளும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல எந்தக் கண்ணுன்னு ஓரத்துல எழுதியிருக்குமே, அது எங்கே?"

ஓரம் என் மிஷினில் போயிருந்தது.

"மேல இருந்தது இடது கண்ணு, கீழ இருந்தது வலது" என்றாள் அந்தப் பெண். "இது வலது கண்ணு சார். நாங்க தொடவே இல்ல. பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக எடுக்கிறது."

"அப்ப இந்த மேடு?"

"அது எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

மாஸ்டரும் அக்காவும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். மாஸ்டரின் இரண்டு கண்களும் சேர்ந்து என்னை முறைத்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு கண்ணே தேவலை போலிருந்தது. பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஊரே கூடி, தொடாத கண்ணுக்கு வாக்குப் போட்டிருந்தது.

பிறகு டாக்டரம்மா திரையில் உண்மையான படங்களை வரிசையாக வைத்தார். முதல் வாரத்தில் தசை ஒட்டுகிற இடத்தில் பெரிய புடைப்பு. ஒரு மாதத்தில் பாதியாக இறங்கியிருந்தது. இன்றைய படத்தில் தட்டையாக, எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிறகு கம்ப்யூட்டர் போட்ட குலுக்கல் சீட்டு இருந்த உறையைப் பிரித்து எங்களிடம் காட்டினார்.

"மடிப்பு."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சொன்னேனா இல்லையா? கத்திரி படாம காரியம் முடிஞ்சுது பாரு!"

"மடிப்பு எப்படித் தானா படிஞ்சுது?" அக்கா திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். "இஸ்திரி போட்டாத்தானே படியும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை கண்ணை மூடித் திறக்கிறோம்? இமைதான் இஸ்திரிப் பெட்டி. ஆறு மாசமா போட்டிருக்கு" என்றார் மாஸ்டர்.

"நான் எழுதற கட்டுரையில இதைப் போட முடியாது. ஆனா போடணும்போல இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எது உசத்தின்னு கேட்காதீங்க. இன்னும் நிறையப் பேர் படம் பார்க்கணும். ஆனா மாஸ்டர், கத்திரி படலைன்னு யார் சொன்னது? வெளித்தசையை வெட்டி எடுத்துத்தானே பின்னால தச்சேன்? முதல் நாளே சொன்னேனே."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "ஃபாரத்துல இருந்துச்சா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

அவர் மெதுவாக உட்கார்ந்து இடது கண்ணின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஒரு பக்கம் வெட்டு, ஒரு பக்கம் மடிப்பு" என்றாள் அக்கா நிதானமாக. "ரெண்டும் சேர்ந்ததாலதான் நேரா நிக்குது. எழுந்திருங்க, கடையைத் திறக்கணும்."

திரும்பி வரும்போது வெயில் நேராக முகத்தில் அடித்தது. மாஸ்டர் கண்ணை மூடவில்லை. எதிரே வந்த பாங்க் அம்மாவுக்கு இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். அந்த அம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது.

கடை வாசலில் ஆறாம் நம்பர் டிரைவர் கோட்டோடு காத்திருந்தார்.

"மாஸ்டர், இளையவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. இடைப்பட்ட காலத்துல வயிறு கேட்காம வளர்ந்துருச்சு. கொஞ்சம் லூஸ் பண்ணணும். முதுகு மடிப்பைப் பிரிச்சு விட்டாப் போதும்தானே?"

அக்கா சட்டென்று கோட்டை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு வாங்கண்ணா, நான் பார்த்து..."

"இரு" என்றார் மாஸ்டர். அவளிடமிருந்து கோட்டை வாங்கி, மேஜையில் கவிழ்த்துப் போட்டு, டிரைவரை நேராகப் பார்த்தார். "இதைப் பிரிச்சா உள்ள கிழிசல் இருக்கும். நான் தப்பா வெட்டினது. கண்ணு ரெண்டு கோடு காட்டுச்சு. உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டோம். புது மாடல் கிடையாது ஒண்ணும் கிடையாது."

டிரைவர் மாஸ்டரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சம்பந்தி வீட்ல நாலு பேரு இதைப் பார்த்துட்டுத் தங்களுக்கும் இப்படியே தச்சுக்கிட்டாங்களே மாஸ்டர்! அவங்க கோட்டையெல்லாம் யாரு கிழிச்சா?" சொல்லிவிட்டுத் தன் வயிறு குலுங்கச் சிரித்தார். "மறைச்சது தப்புதான். அதுக்குத் தண்டனையா நீங்களே வெட்டித் தைங்க. நான் ஒரு டிரிப் அடிச்சுட்டு வர்றேன்."

டிரைவர் பஸ்ஸை நோக்கி நடந்தார். மாஸ்டர் மடிப்பைப் பிரித்தார். கிழிசலை மூடி, முதுகில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். துணிக்கு எங்கே போவது என்று நான் நினைப்பதற்குள், அக்கா மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டாள். நிறத்துக்கு நிறம் ஒத்துப்போகும் துணி. என்றாவது ஒரு நாள் அந்தக் கோட்டு திரும்பி வரும் என்று அன்றைக்கே தேடிப்பிடித்து வைத்திருக்கிறாள்.

பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். இழுப்பறை கிறீச்சிட்டது. பெரிய கத்திரியை முந்தானையால் துடைத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

மாஸ்டர் கோடு போட்டார். அக்கா துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை கோடு தெரிகிறது என்று அவள் கேட்கவில்லை. இடது மூலைக்கும் போகவில்லை, நேர் எதிரே நின்றாள். மாஸ்டர் கத்திரியைத் திறந்தார். வெட்டாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கண் அவளிடமும் ஒரு கண் தெருவிலுமாக இருந்த மனுஷர், இரண்டு கண்ணையும் அவள் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"என்ன பார்க்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்னைப் பார்த்தது போதும். துணியைப் பார்த்து வெட்டுங்க."

அதற்கு மேல் அங்கே நிற்பது மரியாதையில்லை என்று நான் என் கடைக்கு வந்துவிட்டேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கரக் கரக் என்று சத்தம் ஆரம்பித்தது. எங்கும் நிற்காமல், மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று.